தெரசம்மாள் கடையின் வெள்ளை பல்பு

ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடை என்ற ஊரைச் சேர்ந்த ஐயாக்கண்ணு, காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காப்பிப் பழத்தின் எடையை எழுதிப் பழகிய கை சும்மா இருக்காமல், பத்து வருடமாகப் பூச்சிகளை எழுதி வந்தது. விடிந்ததும் வாசல் விளக்கடியில் சுவரைப் பார்ப்பார். என்ன பூச்சி, எந்த இடம், மழையா வெயிலா, முதலில் கண்டவர் யார் என்று நோட்டில் கட்டம் கட்டமாகப் பதிவார். கடைசிக் கட்டத்தில் அவர் பெயரைத் தவிர வேறு பெயர் ஏறியதில்லை.

அட்லஸ் அந்துப்பூச்சி மட்டும் அவர் கண்ணில் படவே இல்லை. இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து விரித்த அகலம். இறக்கை நுனியில் பாம்புத் தலை போல ஒரு கோலம். கோடை விழாக் கூட்டம் மலையிறங்கி மழை விழுந்த மறுநாள், அது செம்மநத்தம் போகும் வழியில் தெரசம்மாளின் இட்லிக் கடைச் சுவரில் உட்கார்ந்திருந்ததாகப் பால்காரர் தங்கராஜ் சொன்னார். இவர் வண்டியை முறுக்கிக்கொண்டு போவதற்குள் தெரசம்மாள் துடைப்பத்தால் தள்ளிவிட்டிருந்தாள்.

பூச்சியைக் கண்டாலே முகம் சுளிப்பவளுக்கா அது வந்து வாய்க்க வேண்டும்? அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாம் அவள் கடையின் வெள்ளை பல்பு செய்கிற வேலை என்று முடிவு கட்டினார். ஏற்காட்டு பஜாரில் மஞ்சள் பல்பு ஒன்று வாங்கிப் போய், சாம்பாரில் இறக்கை கிடந்தால் யார் சாப்பிடுவார்கள் என்று அக்கறையாகப் பேசி, தாமே மாட்டிவிட்டார். மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சி அவ்வளவாக வராது என்பது அவருக்குத் தெரியும். கழற்றிய வெள்ளை பல்பை அவள் அவரிடமே கொடுத்துவிட்டாள்.

அதைத் தம் வாசலில் எரியவிட்டார். வந்ததெல்லாம் ஈசல்.

"அந்தம்மா கடை பல்பப் புடுங்கிட்டு வந்து என் சோத்துல ஈசல் போடறீங்களே," என்றாள் மனைவி முத்தாயி.

ஒரு வாரம் கழித்து, காலையில் தெரசம்மாள் போன் செய்தாள்.

"ரைட்டருங்களா, கடைக்குப் பொறத்தால கொய்யா மரத்துல உங்க பூச்சி தொங்குதுங்க. பல்பு வாங்கிக் குடுத்த மனுசருன்னு மொதல்ல உங்களத்தான் கூப்பிடறனுங்க. வெரசா வாங்க."

போய்ப் பார்த்தார். காய்ந்த இலையில் சுற்றிய கூட்டைக் கிழித்து அப்போதுதான் வெளியே வந்திருந்தது. இறக்கை இன்னும் துவண்டு கிடந்தது. அவளுடைய மரத்து இலையைத் தின்று, அவளுடைய மரத்திலேயே கூடு கட்டியிருக்கிறது; பல்பை மாற்றி என்ன பயன்? ஆசை தீரப் பார்த்தார். ஆனாலும் நெஞ்சு குளிரவில்லை. நோட்டைப் பிரித்து எழுதினார்; முதலில் கண்டவர் யார் என்ற கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பக்கத்தில் நின்றவள் அதைக் கவனிக்கவே இல்லை. தாள் கிழிகிற அழுத்தத்தில் 'தெரசம்மாள்' என்று எழுதினார்.

அன்று சாயங்காலமே வெள்ளை பல்பைக் கொண்டுவந்து பழைய இடத்தில் மாட்டினார். மஞ்சளில் கடை மங்கலாக இருக்கிறது என்று காரணம் சொன்னார்.

மறுநாளிலிருந்து தெரசம்மாள் கதவைத் திறக்கும் முன்பே அவர் வண்டி கடை வாசலில் நின்றது.

"ஏனுங்க, அடுப்புக்கூட பத்த வெக்கலைங்க. அதுக்குள்ள அப்படியென்ன பசிங்க?"

"ரெண்டு இட்லி போதுங்க," என்றார் ஐயாக்கண்ணு, சுவரைப் பார்த்து முடித்துக் கொய்யா மரத்தின் பக்கம் நடந்தபடி.