கோப்பையில் வெட்டிய பெயர்

இன்று காலை, தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய குடத்தில் பெயர் வெட்டப் பாத்திரக் கடைக்குப் போனேன்.

பெயர் வெட்டுபவர் பெருமையாகச் சொன்னார்: "கூடைப்பந்து கப்புல பேரு வெட்டுனதும் நாந்தாங்க. பாத்தீங்களா?"

பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம் முடிந்ததும், சிறந்த ஆட்டக்காரர் கோப்பையை மில் முதலாளியின் மைத்துனர் வாங்கியதைப் பார்த்தேன். பாதி ஆட்டம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். மீதி ஆட்டத்தில் கைக்கு வந்த பந்தையெல்லாம் நழுவவிட்டவர்.

மில் அணியை ஜெயிக்க வைத்தது அறந்தாங்கி ராசு. கடைசி நிமிஷம் வரை ஓடி ஓடிக் கூடை போட்டான். அவனுக்குக் கமிட்டி கொடுத்தது ஒரு சோப்பு டப்பா. மேடையில் இருந்த பெரிய மனிதர்கள் வெட்கமே இல்லாமல் கைதட்டினார்கள்.

"எப்ப வெட்டுனீங்க?" என்றேன்.

"வெள்ளிக்கிழமையே வெட்டிக் குடுத்துட்டேங்க. ஞாயித்துக்கிழமை நமக்குக் கடை லீவுல்ல."

வெயிலில் நின்று தொண்டை கிழியக் கத்தியதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அடுத்த வருடம் மைதானத்துக்குப் போகமாட்டேன். வெள்ளிக்கிழமையே பாத்திரக் கடை வாசலில் நின்று கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

கூட யார் வருகிறீர்கள்? நம் கையெழுத்துப் பத்திரிகையின் இந்தப் பக்கத்தின் அடியில் இடம் விட்டிருக்கிறேன், உங்கள் பெயரை எழுதுங்கள்.