தவக்காலத்தில் தேறும் உடம்பு

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் வந்தால் எங்கள் மாதா கோயில்காரர்கள் எல்லாரும் நோன்பிருந்து இளைப்பார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் தேறுவார். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வருகிறவர், ஈஸ்டர் வரை சாராயக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். மற்ற நாளெல்லாம் அங்கேதான் குடித்தனம்.

எண்பதுகளில் பாப்பிரெட்டிப்பட்டியில் ஓர் அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் அவருக்குத் தொப்பை விழுந்ததைப் பார்த்து, பொண்டாட்டி சோறு உடம்பில் ஒட்டுகிறது என்று ஊரார் என்னைப் புகழ்ந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் சோற்றை யார் தின்றார்கள்? இரண்டு வாய் களியோடு தட்டைத் தள்ளிவிடுவார். வயிறு முன்னால் வந்தது, கைகால் குச்சியானது. காலையில் முகம் ஊதிக் கிடக்கும். சொம்பைத் தூக்கினால் கை நடுங்கிப் பாதித் தண்ணீர் லுங்கியில் கொட்டும். குணமும் அப்படித்தான். குடித்தால் ஊருக்கெல்லாம் நல்லவர், தெளிந்தால் என்மேல் எரிந்து விழுவார்.

தவக்காலத்தின் முதல் வாரம் பெரும்பாடு. வேர்த்துக் கொட்டும், தூக்கம் வராது, வெல்லத்தைக் கேட்டுக் கேட்டுத் தின்பார். அப்புறம் பசி வரும். ஐயோ, அந்தப் பசியைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை! மொச்சைக் குழம்புச் சட்டியை வழித்துவிடுவார். முக வீக்கம் வடியும், தொப்பை உள்ளே போகும், தோளில் சதை பிடிக்கும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போவார். வருஷத்தில் அந்த நாற்பது நாள்தான் எனக்குப் புருஷன்.

ஈஸ்டர் அன்று அடுப்பில் கறி வேகும்போதே கடைக்குக் கிளம்பிவிடுவார். கேட்டால் ஒரே பதில்தான்.

"நாப்பது நாளு விட்டவன்டி நானு. குடிகாரனால முடியுமா?"

அதுவே அவருக்கு சர்டிபிகேட்.

ஒரு வருஷம் ஈஸ்டர் காலையில் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"நாப்பது நாளு சாமிக்காக இருந்தீங்க. இன்னிக்கு ஒரு நாளு எனக்காக இருங்க. நாளைக்குப் போங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

சிரித்தார். "ப்பூ, ஒரு நாளுதானா? இதெல்லாம் ஒரு விசயமா?" சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

கறி சாப்பிட்டார். பிள்ளைகளோடு தாயம் ஆடினார். வெயில் இறங்க இறங்க அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. உள்ளே போவார், வாசலுக்கு வருவார். குழம்பில் உப்பில்லை என்று கத்தினார். எப்போதோ தின்று முடித்த குழம்புக்கு! கடைசியில் சட்டையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தார். சாராய வாடை அடித்தது. சூடாக நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று தயாராக இருந்தேன். அவர் சண்டைக்கு வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, என்னை நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

"நாப்பது நாளும் இந்த நாளைத்தான்டி நெனச்சுக்கிட்டு இருந்தேன். வந்தப்புறம் ஒரு பொழுதுகூடத் தாங்க முடியல. நான் குடிகாரன்தான். என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போ."

அத்தனை வருஷத்தில் தன்னைக் குடிகாரன் என்று அவர் வாயால் சொல்லி அன்றுதான் கேட்டேன். என் கோபமெல்லாம் எங்கே போனதோ, அழுதுவிட்டேன்.

"விடிஞ்சதும் தருமபுரி பஸ்ஸுக்குப் போலாங்க," என்றேன்.