ஷட்டர் டிவியில் ஒரு ஞாயிறு ஆராதனை

1. குரல் வந்தது, ஆள் வரவில்லை

"எலே, அவ எங்க?"

ஞானசிகாமணி அண்ணன் கட்டிலில் படுத்தபடியே கத்தினார். அவருக்கு வலது கையிலும் வலது காலிலும் மாவுக்கட்டு. கட்டிலுக்கு எதிரே நான்கு மரக்கால்களில் நின்ற, இழுத்து மூடும் மரக்கதவு வைத்த பழைய கறுப்பு வெள்ளை ஷட்டர் டிவியில் அவருடைய சபையின் ஞாயிறு ஆராதனை நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய மனைவி ரோஸ்லெட் அக்கா அங்கே வேதப்பாடம் வாசிக்கத் தொடங்கிவிட்டார். குரல் தெளிவாகக் கேட்டது. திரையில் ஆல்டரும், அதற்கு முன்னால் ஆளில்லாத நடைபாதையும்தான் தெரிந்தன.

"சத்தம் கேக்குது, ஆளக் காணல்லியே. உன் பெட்டி என் பெண்டாட்டிய முழுங்கிட்டுதாலே?"

அந்தப் பெட்டியில் நேரலையை வரவைத்தவன் நான். பாறசாலையில் டிவி, மிக்ஸி, செட்டாப் பாக்ஸ் பழுதுபார்க்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். தொழில் கற்றது நெய்யாற்றின்கரையில். அன்று அந்த வீட்டில் நடந்தது இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்பதால் முதலில் இருந்து வரிசையாக எழுதுகிறேன்.

2. பழைய பெட்டிக்குப் புதிய படம்

பழைய கறுப்பு வெள்ளை டிவிக்கு ஆன்டெனா வழியாக வருவது மட்டுமே தெரியும். இன்று படம் இணையத்தில் வருகிறது. இரண்டையும் சேர்க்க மூன்று பொருள்கள் வேண்டும். முதலாவது, இணையத்தில் இருந்து படத்தை எடுக்கும் ஸ்டிக். இரண்டாவது, ஸ்டிக்கின் எச்.டி.எம்.ஐ. சிக்னலை சாதாரண ஏ.வி. சிக்னலாக மாற்றும் கன்வெர்ட்டர். மூன்றாவது, அந்த ஏ.வி.யை ஆன்டெனா சிக்னல் போல ஆக்கும் மாடுலேட்டர். கன்வெர்ட்டரின் பக்கவாட்டில் உள்ள சின்ன சுவிட்சை, நம் நாட்டு டிவி முறையான பால் (PAL) பக்கம் தள்ளவேண்டும். மறந்தால் படம் கீழிருந்து மேலே ஓடிக்கொண்டே இருக்கும். மாடுலேட்டர் நம் நாட்டு டிவிக்கு ஏற்றதா என்றும் பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் படம் வரும், பேச்சுக்குப் பதில் இரைச்சல் வரும்.

இன்னொன்று. பல வருடம் சும்மா கிடந்த பெட்டியை நேராகக் கரண்டில் போடக்கூடாது. கரண்டு வரும் வழியில் ஒரு பல்பை சீரிஸில் கொடுத்துப் போடவேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிவிடும். பெட்டி தப்பிக்கும்.

இந்த வேலையை நான் முதலில் செய்தது பூவாறில் ஒரு ரிசார்ட்டுக்கு. வரவேற்பறையில் ஒரு பழைய டிவியை வைத்து, அதில் காயல் படகுகளின் வீடியோவை ஓட்டவேண்டும் என்றார்கள். செய்துகொடுத்தேன். மேனேஜர் வந்து பார்த்தார்.

"சேட்டா, மேலயும் கீழயும் இந்தக் கறுத்த பட்டை எதுக்கு?"

"படம் இப்ப அகலம் சார். பெட்டி பழைய மாதிரி சதுரம். முழுப் படமும் உள்ள வரணும்னா பட்டை வரும்."

"அதெல்லாம் கெஸ்ட்டுக்குத் தெரியுமா? பிக்சர் டியூப் கேடுன்னு நினைக்கும். நெறச்சு தா."

நிறைத்துக் கொடுத்தேன். படத்தின் இரண்டு ஓரங்களையும் வெட்டி, நடுப்பகுதியைப் பெரிதாக்கினால் திரை நிறைந்துவிடும். படகுக்கு அதனால் நஷ்டமில்லை. தண்ணீர்தான் கொஞ்சம் குறையும். அதற்குப் பிறகு வந்தவர்களும் பட்டையைப் பார்த்து முகம் சுளித்தார்கள். நிறைத்துக் கொடுப்பதே எனக்குப் பழக்கமாகிவிட்டது.

3. அண்ணன் வீட்டு நிலவரம்

ஐப்பசி மழையில் இடி இறங்கி அண்ணன் வீட்டு எல்.இ.டி. டிவி கருகிப்போனது. ஷட்டர் டிவியில் எந்த வயரும் மாட்டியிருக்காததால் அது தப்பியது. பூப்போட்ட துணியும் கல்யாணப் போட்டோவும் தலையில் சுமந்துகொண்டு அது மூலையில் நின்றது. அதே வாரம் ரப்பர் தோட்டத்துச் சரிவில் வழுக்கி விழுந்து அண்ணன் கையையும் காலையும் ஒடித்துக்கொண்டார்.

அக்காவின் சபையில் பெண்கள் ஞாயிறு என்று ஒரு நாள் உண்டு. அன்று ஆராதனை முழுவதையும் பெண்களே நடத்துவார்கள். பாடம் வாசிக்க அக்காவை ஒவ்வொரு வருடமும் கேட்பார்களாம். கை நடுங்கும், நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அக்கா ஒவ்வொரு வருடமும் மறுத்துவிடுவார். இந்த வருடம் அண்ணன் முன்வரிசையில் இருப்பதாகச் சொன்ன தைரியத்தில் ஒத்துக்கொண்டிருந்தார். அண்ணன் விழுந்ததும், "நீங்க இல்லாம நான் எழும்பமாட்டேன். வேற ஆள வச்சு வாசிக்கட்டு" என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் என்னை வரச்சொன்னார்.

"எங்க சர்ச்சுல இருந்து நேரலை உண்டு. அத நான் இஞ்ச கெடந்து பாக்கணும். அப்பதான் இவ வாசிப்பா."

"போன்ல பாக்கலாமே அண்ணே."

"பாத்தேன் மக்கா. ஒத்தக் கையில எம்புட்டு நேரம் பிடிக்க? நெஞ்சுல சாச்சு வச்சா, மூச்சு விடும்போ எல்லாம் சர்ச்சு ஏறி ஏறி எறங்குது. ஸ்டாண்டு வாங்கித் தூரத்துல வச்சா ஆளெல்லாம் எறும்பாக்கும்."

"புது டிவி?"

"மகன் கிறிஸ்துமஸுக்கு வரும்போ வாங்கித்தாறேன்னு சொல்லியிருக்கான். அதுக்குள்ள இந்த ஞாயிறு கழிஞ்சிருமே. அந்தா நிக்குதுல்லா, அதுல வருமா?"

வரும் என்றேன். அதுவரை சமையலறையில் இருந்த அக்கா வாசலுக்கு வந்தார்.

"டிவி வரட்டு. ஆனா இவர நான் நம்பமாட்டேன் தம்பி. சர்ச்சுல ஆம்பிளைங்க ஒரு பக்கம், பெண்டுக ஒரு பக்கம் இருப்போம். பிரசங்கம் தொடங்குனா இவரு தலை சாயும். நான் அந்தப் பக்கத்துல இருந்து காணுவேன்."

"அது தியானமாக்கும்" என்றார் அண்ணன்.

"தியானத்துல குறட்டை வருமா?" என்று கேட்டுவிட்டு அக்கா என்னைப் பார்த்தார். "வாசிச்சு முடிச்சதும் நான் ஒரு அடையாளம் காட்டுவேன். வீட்டுக்கு வந்ததும் அது என்னதுன்னு இவரு சொல்லணும். சொல்லல்லைன்னா பாக்கல்லைன்னு எடுத்துக்கிடுவேன். பின்ன ஒருநாளும் என்னை வாசிக்கச் சொல்லப்பிடாது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் 'ஒருநாளும்' என்றபோது சிரிப்பு நின்றுவிட்டது. பயம் விளையாட்டில்லை என்று புரிந்தது.

4. வெட்டிய ஓரம்

சீரிஸ் பல்பு கொடுத்துப் பெட்டியைப் போட்டேன். இரண்டு கெப்பாசிட்டர் மாற்றவேண்டி இருந்தது. பிக்சர் டியூப் நன்றாகவே இருந்தது. சேனல் திருகை நான்கில் வைத்ததும் படம் தெளிவாக வந்தது. ஷட்டரை இரண்டு பக்கமும் தள்ளித் திறந்துவைத்து அண்ணனுக்குக் காட்டினேன். முதலில் மகிழ்ந்தார். பிறகு முகம் மாறியது.

"மேலயும் கீழயும் இது என்னதுலே, சாவு அறிவிப்புக்கு வரம்பு கெட்டுன மாதிரி? இவ முதல்முதலா வாசிக்கா. நெறஞ்சு வரணும்."

எனக்கும் அதுதான் பழக்கம். ஸ்டிக்கைக் கடைக்குக் கொண்டுபோனேன். எழுத்துகள் தெளிவாகத் தெரியும் என்பதால் அதைக் கலர் டிவியில் மாட்டி, திரை நிறையும்படி செட்டிங்கை மாற்றினேன். திரும்பக் கொண்டுவந்து ஒரு மலையாள நகைச்சுவை வீடியோவைப் போட்டுக் காட்டினேன். இரண்டு பேர் நடுவில் நின்று பேசினார்கள். திரை நிறைந்திருந்தது. அண்ணனும் சரி என்றார், நானும் சரி என்றேன்.

சபையின் பழைய ஆராதனை வீடியோ ஒன்றைப் போட்டுப் பார்த்திருக்கவேண்டும். பார்க்கவில்லை. நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் இல்லை. அங்கே வாசிப்பு மேசை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அண்ணனுக்குத் தெரியும், ஆனால் அதைச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மிஷன் காலத்துக் கட்டடம் அது. பிரசங்க பீடம் ஆண்கள் பக்கத்தில் சுவரை ஒட்டி இருக்கும். வாசிப்பு மேசை பெண்கள் பக்கத்தில் சுவரை ஒட்டி இருக்கும். நடுவில் நடைபாதை. கேமரா அந்த நடைபாதைக்கு நேர் பின்னால். ஆகவே படத்தின் இரண்டு ஓரங்களில்தான் ஆட்கள் இருப்பார்கள். நான் அந்த இரண்டு ஓரங்களையும் வெட்டியிருந்தேன்.

5. சிவப்பும் பச்சையும்

ஞாயிறு காலை பெட்டியைக் கவனிக்க நானும் அண்ணனுடன் இருந்தேன். பாட்டும் ஜெபமும் வந்தபோது யாரும் தெரியாதது எங்களுக்கு உறுத்தவில்லை. பாட்டுக்குழு பின்னால் நிற்கும், ஜெபத்துக்கு எல்லாரும் முழங்காலில் இருப்பார்கள் என்று அண்ணன் சொன்னார். அக்காவின் குரல் வந்து ஆள் வராதபோதுதான் விஷயம் விளங்கியது.

ரிமோட்டை எடுத்து ஸ்டிக்கின் மெனுவைத் திறந்தேன். மெனு திரையை மூடியது.

"இப்ப சர்ச்சும் போச்சே!"

"ஒரு நிமிஷம் அண்ணே."

மெனுவில் வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. தேர்ந்தெடுத்த வரி சிவப்பிலும் மற்றவை பச்சையிலும் இருக்கும் என்பது கடையில் பார்த்த நினைவு. கறுப்பு வெள்ளைத் திரையில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல். எந்த வரியில் நிற்கிறேன் என்றே தெரியவில்லை. முழுப் படத்தைத் திரும்பக் கொண்டுவரும் வரிக்குக் கீழே அடுத்த வரி ரீசெட். அதை அழுத்திவிட்டால் வைஃபை முதல் எல்லாம் அழிந்துபோகும். மறுபடி செட் செய்வதற்குள் ஆராதனையே முடிந்துவிடும்.

அக்காவின் குரல் சீராகப் போய்க்கொண்டிருந்தது. எங்கும் தட்டவில்லை.

"நல்லா வாசிக்கா" என்றார் அண்ணன், சத்தத்தைக் குறைத்து. "எனக்கு அவளக் காணணும் மக்கா."

அவசரத்தில் விரல் ரிமோட்டிலேயே இருந்தது. பிறகு பெட்டியின் கான்ட்ராஸ்ட், பிரைட்னஸ் திருகுகள் கண்ணில் பட்டன. நம் கண்ணுக்கு ஒரே சாம்பலாகத் தெரிவது உண்மையில் ஒன்றாக இருக்காது. கொஞ்சமாவது வித்தியாசம் இருக்கும். கான்ட்ராஸ்ட்டை முழுதாக ஏற்றினேன். பிரைட்னஸை மெல்ல இறக்கினேன். திரை இருண்டது. வரிகள் ஒவ்வொன்றாக மங்கின. அவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட முன்பே இருண்டது. அதுதான் சிவப்பு. நான் நின்றது அந்த வரியில், ரீசெட்டில். ஒரு வரி மேலே ஏறி அழுத்தினேன்.

மெனு விலகியது. மேலும் கீழும் கறுப்புப் பட்டை. நடுவில் முழுச் சபை. ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், பீடம், இடது ஓரத்தில் வாசிப்பு மேசை, அதன் பின்னால் ரோஸ்லெட் அக்கா. பிரைட்னஸைச் சரிசெய்தேன். அண்ணன் நல்ல கையை ஊன்றித் தலையை உயர்த்திப் பார்த்தார்.

"கை நடுங்கல்ல, பாத்தியா" என்றார்.

கடைசி வரியை வாசித்து அக்கா புத்தகத்தை மூடினார். சேலை முந்தானையைச் சரிசெய்வது போல வலது கையை மடக்கி மார்போடு சேர்த்து வைத்து, கேமராவைப் பார்த்து ஒரு கணம் நின்றார். மாவுக்கட்டுக் கை. அச்சு அசலாக அண்ணனேதான்.

அண்ணன் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. "எம்மா... வலிக்குது... எலே, சர்ச்சுக்குள்ள நின்னு என்னைப்போல காட்டிக் களியாக்குதா, பாத்தியா!"

6. விடை

அக்கா வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அறை வாசலில் நின்றார்.

"என்னது காட்டுனேன்?"

அண்ணன் மாவுக்கட்டுக் கையை மார்போடு சேர்த்துக் காட்டினார். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாதி வாசிக்கும்போ கால் நடுங்கிச்சு. நீங்க பாக்கீங்கன்னு நினைச்சு நின்னுட்டேன். சேலை எப்படி இருந்துச்சு?"

"சாம்பல் கலரு உனக்கு நல்லா எடுக்கும்" என்றார் அண்ணன்.

அக்கா கட்டியிருந்தது அடர்ந்த சிவப்பு. பாதி வாசிப்புவரை இவர் காலி நடைபாதையைத்தான் பார்த்தார் என்பதை நாங்கள் இருவரும் சொல்லவில்லை. சாயாவோடு வட்டையப்பம் வந்தது. தின்று முடித்து எழும்பியபோது, திரையை மறுபடியும் நிறைத்துத் தரட்டுமா என்று கேட்டேன்.

"அந்தப் பட்டையத் தொடாத மக்கா. சர்ச்சு மொத்தமும் அதுக்கு நடுவுலதான் இருக்கு."

அதற்குப் பிறகு பழைய பெட்டிக்குப் படம் கொடுக்க யார் கேட்டு வந்தாலும், நான் முதலில் கேட்பது பெட்டியின் கம்பெனியையோ வயதையோ அல்ல. யாரைப் பார்க்கப் போகிறீர்கள், அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று கேட்கிறேன். பலர் சிரிக்கிறார்கள். ஆனாலும் பதில் சொல்கிறார்கள். அதற்குப் பிறகே ஸ்டிக்கைக் கையில் எடுக்கிறேன்.