மீன் குடியிருந்த பிக்கப்

கண்ணாடிக் கடையில் எல்லோரும் அவளை லென்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஃப்ரேமுக்குத் தகுந்தபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. கண் கூர்மை, நாக்கு அதைவிடக் கூர்மை. ஒரே ஒரு விஷயத்தில்தான் புத்தி கொஞ்சம் பிசகும். பழைய காலத்துப் பிக்கப் வண்டிகளின் குட்டி மாடல்களைக் கண்டால் ஆளே மாறிவிடுவாள்.

கார் வேண்டாம், பஸ் வேண்டாம், பிக்கப்தான் வேண்டும். அதுவும் நிஜ வண்டியை அப்படியே உள்ளங்கைக்குச் சுருக்கி வார்த்ததாக இருக்க வேண்டும். நாத்தனார் வீட்டுக்குப் போனால், சௌக்கியம் விசாரிப்பதற்கு முன்பே பொம்மைக் கூடையைக் கவிழ்த்துவிடுவாள். ஒருமுறை, பல் முளைக்கிற வயதில் இருந்த நாத்தனார் குழந்தையின் வாயிலிருந்து ஒரு வண்டியை உருவி, எச்சிலைத் துடைத்து, அடிப்பக்கத்து எழுத்தைப் படித்துவிட்டு, “சேச்சே, இது நேத்து வந்தது” என்று திரும்பவும் அந்த வாயிலேயே வைத்தாள்.

அவள் புருஷன் மெத்தைக் கடையில் டெலிவரி வண்டி ஓட்டுகிறவர். அதுவும் பிக்கப்தான்.

“நிஜ வண்டி வாசல்ல நிக்குது. ஒரு நாளாவது துடைச்சிருக்கியா?” என்பார்.

“உங்க வண்டி மாதிரி ஊரெல்லாம் ஓடுதுங்க. அபூர்வமா இருந்தா சொல்லுங்க, துடைக்கறேன்.”

அவள் பல வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த அபூர்வம் ஒன்று உண்டு. உருண்டை மூக்கன் என்று அவளே பெயர் வைத்திருந்தாள். அதைச் செய்த கம்பெனி, முதலில் வார்த்த கொஞ்சம் வண்டிகளுக்கு உதிரிச் சக்கரத்தை இடப்பக்கக் கதவை ஒட்டி வைத்துவிட்டது. சக்கரம் அங்கே இருந்தால் அந்தப் பக்கம் ஆள் எப்படி ஏறுவது என்று யாரோ கேட்ட பிறகு, பின்பக்கம் மாற்றிவிட்டது. அந்த இடப்பக்கச் சக்கரக்காரனைப் படத்தில் பார்த்தவர்கள் உண்டு. நேரில் பார்த்ததாக யாரும் சொன்னதில்லை.

ஒரு நாள் புருஷனுக்குக் கடைவாய்ப் பல்வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகியவரைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனாள். காத்திருக்கும் அறையில் ஒரு மீன் தொட்டி. சும்மா எட்டிப் பார்த்தவளுக்கு மூச்சே நின்றுவிட்டது. கூழாங்கற்களுக்கு நடுவே, பாசி பிடித்து, இடப்பக்கம் உதிரிச் சக்கரத்தோடு, சாட்சாத் உருண்டை மூக்கன்! அதன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒரு மீசைக்கார மீன் அவளை முறைத்தது.

உள்ளேயிருந்து புருஷனின் அலறல் கேட்டது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டர் வெளியே வந்ததும், பல் என்ன ஆயிற்று என்று கேட்காமல், “டாக்டர், அந்த வண்டியைக் குடுப்பீங்களா?” என்றாள்.

“எந்த வண்டி? அதுவாம்மா? அது முதலாளியோட வீடு.”

“எந்த முதலாளி?”

“மீனுதான். தொட்டி கழுவறப்போ ஒருதரம் வண்டியை வெளியில எடுத்தேன். சாப்பாட்டையே தொடமாட்டேன்னுட்டார். அவரைத் தெருவுல நிறுத்த எனக்கு மனசு வராதும்மா.”

புருஷனின் பல் ஒரே தடவையில் சரியாகிவிட்டது. அதில் அவளுக்குப் பெரிய வருத்தம். வேறு வழியில்லாமல் தனக்கே ஒரு பல்வலியை உண்டாக்கிக்கொண்டு போனாள். “எல்லாம் இரும்பு மாதிரி இருக்கு” என்று டாக்டர் திருப்பி அனுப்பினார். பல் கூச்சம் என்று போனாள். சுத்தம் செய்து அனுப்பினார். ஈறு அரிக்கிறது என்று போனபோது, டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்து, “அடடே, இந்த மூலையில நிஜமாவே ஒரு ஓட்டை இருக்கே!” என்று சந்தோஷமாகச் சொன்னார். போட்டார் ஊசியை.

பாதி முகம் மரத்துப்போய்க் கிடந்தபோதும் அவள் விடவில்லை. “ஆக்டர், அந்த இக்கப்…” என்றாள்.

“விக்கலா? தண்ணி குடிங்க.”

“இக்கல் இல்ல ஆக்டர். இக்கப்! இக்கப்!”

“மருந்து சிலருக்கு இப்படிப் பண்ணும். மூச்சை அடக்கிப் பாருங்க.”

அவள் ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோல் கையைச் சுழற்றிக் காட்டினாள். தலை சுற்றுகிறதாக்கும் என்று டாக்டர் நாற்காலியை இன்னும் சாய்த்துவிட்டார். மரப்பு இறங்கி விஷயம் புரிந்ததும் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “சரிம்மா. முதலாளி தானா மனசு வந்து வேற வீட்டுக்குப் போனார்னா வண்டியை எடுத்துக்கோங்க. துரத்தக்கூடாது, ஆமா.”

அன்றிலிருந்து லென்ஸ் அக்காவுக்கு வீட்டுத் தரகர் வேலைதான். பீங்கான் கோட்டை வாங்கிப் போட்டாள். முதலாளி மோந்துகூடப் பார்க்கவில்லை. உடைந்த மண் ஜாடியைப் போட்டாள். உள்ளே போய்ச் சுற்றிவிட்டு, வாடகை கட்டுப்படியாகாதவர்போல் வெளியே வந்துவிட்டார். கடைசியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, தன் அலமாரியிலிருந்தே ஒரு பச்சை நிறப் பிக்கப்பைக் கொண்டுவந்து இறக்கினாள். முதலாளி அதன்மேல் கூழாங்கல்லைத் துப்பினார்.

“மெத்தை போட்டுக் குடுத்தா வருவாரோ?” என்றார் கூட வந்திருந்த புருஷன்.

“உங்களை யாரு கேட்டா? சும்மா உக்காருங்க.”

சும்மா உட்கார அவருக்கு வராது. எப்படிப் பல் தேய்க்க வேண்டும் என்று காட்டுவதற்காக டாக்டர் மேஜையில் வைத்திருந்த பெரிய பிளாஸ்டிக் தாடையை எடுத்து, தொட்டிக்கு மேலே பிடித்துத் திறந்து திறந்து மூடி, “முதலாளி, கடிச்சிடுவேன்!” என்று விளையாடினார். கை வழுக்கிற்று. தாடை தொபுக்கென்று தண்ணீரில் விழுந்து, வாயைப் பிளந்தபடி மல்லாந்து உட்கார்ந்தது.

“ஐயோ, என்னங்க பண்றீங்க!” என்று அவள் கத்துவதற்குள் டாக்டர் கையை உயர்த்தினார். “சத்தம் போடாதீங்க. பாருங்க.”

முதலாளி ஜன்னலைவிட்டு மெல்ல வெளியே வந்தார். தாடையை ஒரு சுற்றுச் சுற்றினார். முன்பற்களை மீசையால் தடவிப் பார்த்தார். பிறகு வாய்க்குள் நுழைந்து, உடம்பைத் திருப்பி, கடைவாய்ப் பற்களுக்கு நடுவே தலையை வைத்துச் சாய்ந்தார். டாக்டர் ஒரு சிட்டிகை தீனி போட்டார். முதலாளி படுத்தபடியே சாப்பிட்டார்.

புருஷன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். “மெத்தைக்காரன்டி நான். யாருக்கு எங்க படுத்தா தூக்கம் வரும்னு எனக்குத் தெரியாதா?”

வீட்டுக்கு வந்ததும் அவள் லென்ஸ் துடைக்கும் துணியால் உருண்டை மூக்கனின் பாசியை அங்குலம் அங்குலமாக எடுத்தாள். பாசியோடு பாதிப் பெயின்ட்டும் வந்துவிட்டது. பரவாயில்லை. அடிப்பக்கத்து எழுத்து அசல். சக்கரமும் அசல். மீன் வாடை மட்டும் போகவே இல்லை. அன்றைக்கெல்லாம் வீட்டில் சும்மாவே சிரித்துக்கொண்டு திரிந்தாள்.

இந்த மாதிரிச் சந்தோஷத்தை வாயில் வைத்துக்கொள்ள முடியுமா? இதே பைத்தியம் பிடித்த வாட்ச் ரிப்பேர்க்காரர் ஒருவரிடம் மட்டும், எங்கே கிடைத்தது என்பதைச் சொல்லிவிட்டாள். இரண்டொரு நாளில் டாக்டரிடமிருந்து போன் வந்தது.

“அம்மா, உங்க ஆளு ஒருத்தர் வந்திருக்கார். பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா தொட்டியைவிட்டு நகரமாட்டேங்கறார். கையை உள்ள விட்டுக் கல்லையெல்லாம் கிளறிப் பாக்கறார். முதலாளி பயந்துபோயிருக்கார். நான் என்ன பண்ணட்டும்?”

லென்ஸ் அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“ஒரு ஊசி போட்டுப் படுக்க வைங்க டாக்டர். கல்லுக்கு அடியில இன்னொண்ணு இருந்தா அதுவும் எனக்குத்தான். கிளம்பி வந்துட்டேன்.”