மாப்பிள்ளையின் சுண்டுவிரல்

ஏரிக்கால்வாயின் மதகு மேல் உட்கார்ந்துகொண்டு என் தங்கை வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். மூடி அசையவில்லை. தோளில் கிடந்த துண்டைச் சுற்றித் திருகிப் பார்த்தார். பிறகு பல்லால் கடித்தார். தறியில் பட்டுப் பாவில் அறுந்துபோன இழையைப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே முடிபோடுகிற விரல்கள் அவருடையவை. நான் பாட்டிலை வாங்கி ஒரே திருகில் திறந்து கொடுத்துவிட்டு, "இன்னா மாப்ள, எந்தங்கச்சி சோறு போடறாளா இல்லையா?" என்று கேலி செய்தேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். இரண்டு சைக்கிள்களும் கரைப் புல்லில் சாய்ந்து கிடந்தன. காலை ஏழு மணி இருக்கும். அன்றைக்குச் சிரித்ததை நினைத்தால் எனக்கு என் மேலேயே சலிப்பு வருகிறது.

எனக்குக் களம்பூரில் ஓர் அரிசி ஆலையில் வேலை. லாரிகளுக்கு லோடு சீட்டு எழுதுவேன். நாற்காலியை விட்டு எழுந்திருப்பது சாப்பாட்டுக்கும் சிறுநீருக்கும்தான். ஐம்பது வயதில் சர்க்கரை வந்தது. நடக்கச் சொன்னார்கள். நடந்தால் தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் சர்க்கரை எவ்வளவு என்று விசாரிக்கிறார்கள், அந்தப் பேஜார் வேண்டாமென்று விட்டுவிட்டேன். அப்போதுதான் சென்னையிலிருந்து ஒரு பழைய நண்பர், தானும் தன் மகனும் ஓட்டாமல் போட்டிருந்த இரண்டு சைக்கிள்களை அனுப்பிவைத்தார். தடித்த டயர், ஆட்டுக்கொம்பு போல வளைந்த கைப்பிடி. மண் பாதை, சரளைப் பாதை, காட்டுப் பாதை எதிலும் ஓடும், இதற்குப் பெயர் கிராவல் பைக் என்று போனில் விளக்கினார். எங்கள் ஊரில் கிராவல் என்றால் வீட்டு மனைக்கு லாரியில் கொண்டுவந்து கொட்டுகிற செம்மண். எதிர்வீட்டுக்காரர் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுல எத்தினி லோடு அடிப்பீங்க?" என்று கேட்டார்.

இரண்டில் ஒன்று எனக்குக் கச்சிதமாக இருந்தது. மற்றது உயரமானவர்களுக்கானது. அதை மாப்பிள்ளைக்குக் கொடுத்தேன். அவர் என்னைவிட நான்கு விரற்கடை குள்ளம். இருக்கையில் உட்கார்ந்தால் கைப்பிடி எட்டத்தில் இருக்கும். உடம்பின் பாரம் முழுவதும் உள்ளங்கையில் இறங்க, எட்டிப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டுவார். எனக்கு அது தெரியும். பழகிவிடும் என்று நானே சொன்னேன்.

அமாவாசையன்று எங்கள் ஊரில் நெசவாளர் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். மாதத்துக்கு அந்த ஒரு நாள்தான் மாப்பிள்ளைக்கு முழு ஓய்வு. நானும் ஆலையில் லீவு சொல்லிவிட்டு, விடிந்ததும் அவரோடு கிளம்பிவிடுவேன். கால்வாய்க்கரையிலேயே போய், ஒரு ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்கு இறங்கி, களம்பூரைத் தாண்டித் திருமலைச் சமணக் கோயில் வரைக்கும் ஒரு தடவை. காப்புக்காட்டை ஒட்டிய பாதையில் தைலமரச் சருகு நொறுங்க நொறுங்க இன்னொரு தடவை. மயில்கள் முன்னால் ஓடும். சரளையில் சைக்கிளின் அதிர்வு பல் வரைக்கும் ஏறும். மாப்பிள்ளை அதிகம் பேச மாட்டார். ஆனால் கரையின் திருப்பத்தில் ஏரி முழுவதும் ஒரேயடியாகக் கண்ணில் விழும் இடம் ஒன்று உண்டு. அங்கே வந்ததும் காலை ஊன்றி நின்றுவிடுவார். "போலாமா?" என்று நான் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் மிதிப்பார்.

பாட்டில் மூடி திறக்காத அந்தக் காலைக்குப் பிறகுதான் விரல்கள் மரத்துப்போவதை என்னிடம் சொன்னார். சுண்டுவிரலும் மோதிரவிரலும் கட்டெறும்பு ஊர்வது போல இருக்கிறதாம். எங்கள் தெருவில் கை மரத்தால் அதற்குக் காரணம் தேட மாட்டார்கள். தறிதான். தோள் வலித்தாலும் தறி, கண் மங்கினாலும் தறி. நானும் அப்படியே சொன்னேன். அதோடு விட்டேனா? "தறிக்குழில காலத் தொங்கப் போட்டுகினு நாள் பூரா உக்காந்தா ரத்தம் எங்க ஓடும்? தெனம் சைக்கிள் மிதிங்க, தானா சரியாப் பூடும்" என்று வைத்தியமும் சொன்னேன். மாதத்துக்கு ஒரு நாள் என்பது தினமும் காலையில் ஒன்றரை மணி நேரம் என்று ஆயிற்று. ஐந்து மாதம் அப்படி ஓட்டினோம்.

டாக்டரிடம் கூட்டிப்போனதும் நான்தான். "என்ன வேலை?" என்று டாக்டர் கேட்டார். தறி என்றோம். அவர் தலையை ஆட்டிவிட்டு மாத்திரை எழுதினார். வேறு எதையும் அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. சைக்கிள் ஓட்டுவது உடம்புக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அதை நோயோடு சேர்த்துச் சொல்வார்களா?

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்துவிட்டது. பாவுக்குள் ஊடை இழையை ஓட்டுகிற நாடா மாப்பிள்ளையின் கையில் நழுவியது. அறுந்த இழையைப் பிடித்தால் பிடித்தது விரலுக்குத் தெரியவில்லை. ஒரு கல்யாணப் புடவையின் முந்தானை பாழாயிற்று. மாப்பிள்ளை புடவையை மடியில் போட்டுக்கொண்டு தறிக்குழியிலேயே உட்கார்ந்திருந்ததை என் தங்கை பார்த்திருக்கிறாள். மறுநாள் ஆளைக் கூட்டிவந்து தறியைப் பிரித்துக் கொடுத்துவிட்டாள். குழியில் மண் கொட்டி மூடி, மேலே டைல்ஸ் போட்டாள். இப்போது அங்கே பிரிட்ஜ் நிற்கிறது. மாப்பிள்ளை பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலைக்குப் போகிறார். கடையில் நின்று நின்று கால் வீங்க, சைக்கிளையும் விட்டுவிட்டார். நான் மட்டும் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் என் சுண்டுவிரல் மரக்க ஆரம்பித்தது. சர்க்கரையால் இருக்கும் என்று வேலூரில் போய்க் காட்டினேன். சின்ன வயது டாக்டர். என்ன வேலை என்று கேட்டார். சீட்டு எழுதுகிற வேலை என்றேன். அது அவருக்குப் போதவில்லை. என் உள்ளங்கையைத் திருப்பி, சுண்டுவிரல் பக்கத்து மேட்டை அழுத்திப் பார்த்துவிட்டு, "சைக்கிள் ஓட்டுவீங்களா?" என்று கேட்டார். கைப்பிடியில் பாரம் போட்டு அழுத்தினால் அந்த இடத்தில் நரம்பு நசுங்கும், ஆரம்பத்திலேயே நிறுத்தினால் சரியாகும், விட்டால் சரியாகாது என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது என்னால் ஜன்னல் பக்கம்கூடப் பார்க்க முடியவில்லை. நெசவுக்காரன் என்று சொல்லியிருந்தால் என்னிடமும் அந்தக் கேள்வி வந்திருக்காது என்பது மட்டும் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ஏழு மாதம் அதைச் சொல்லாமல் வைத்திருந்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஒரு நாள், சொல்லாமல் எப்படி என்று மறுநாள். இந்த இழுபறியிலேயே ஓய்ந்துபோனேன். கடைசியில் போன ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போய், அவள் சமையலறையில் இருக்கும்போது மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் கையைத் தறி தின்னவில்லை, நான் கொடுத்த சைக்கிள்தான் தின்றது என்றேன்.

மாப்பிள்ளை டி.வி.யின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தார்.

"எனக்கு அப்பவே தெரியுங்க மச்சான்" என்றார். "தறிக்காரனுக்குக் கட்ட விரல்லதான் மொதல்ல மரக்கும். எங்கப்பாவுக்கு அப்படித்தான், பெரியப்பாவுக்கும் அப்படித்தான். எனக்குச் சுண்டுவிரல்ல ஆரம்பிச்சுது. ஓட்டிட்டு வந்தா ஜாஸ்தியாவும், ஓட்டாத நாள்ல கம்மியாவும்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க நிறுத்திடுவீங்க. பன்னெண்டு வயசுலருந்து மூஞ்சிக்கு நேரா ரெண்டடி தூரம்தான் பாத்துகினு இருக்கறேன். கண்ணுக்கு எட்டுன வரைக்கும் பாக்கறது அந்தக் கரை மேலதான். இன்னும் ஒரு மாசம், இன்னும் ஒரு மாசம்னு ஓட்டினேன். அதுக்குள்ள இவ ஆளக் கூட்டிகினு வந்துட்டா." சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவகிட்ட மட்டும் வேணாங்க மச்சான். தறியப் பிரிச்சது அவதான். தெரிஞ்சா ஒடைஞ்சிடுவா."

கொஞ்ச நேரத்தில் தங்கை காபியோடு வந்தாள். மாப்பிள்ளையின் டம்ளரை அவர் இரண்டு கையாலும் வாங்கி நன்றாகப் பிடித்துக்கொள்ளும் வரை விடாமல் பிடித்திருந்தாள். அப்புறம் பிரிட்ஜ் நிற்கிற இடத்தைப் பார்த்தாள்.

"பாரு ண்ணா, எப்படி வேல செஞ்ச கை. எல்லாம் அந்தப் பாழாப்போன தறி பண்ணது. இல்ல ண்ணா?"

மாப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா, தறிதான்" என்றேன்.