எழுத்தில்லாத தெருவில் ஒரு தாள்

நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில் என்னை உறுத்தியது, எங்கள் தெருவில் படிக்க ஒன்றுமே இல்லாததுதான். கடையநல்லூரில் சுண்ணாம்பு காய்வதற்குள் சுவரைக் கட்சிக்காரர்கள் பிடித்துவிடுவார்கள். சின்னம், கண்டனம், கண்ணீர் அஞ்சலி என்று பஸ் நிலையம் போவதற்குள் ஒரு பத்திரிகை அளவுக்குப் படித்துவிடலாம். இங்கே புல்வெளி, வெள்ளை வீடு, மறுபடி புல்வெளி. 'வீடு விற்பனைக்கு' என்பதைத் தவிர வீட்டு முகப்பில் எந்த எழுத்தும் கூடாது என்பது டவுன்ஷிப்பின், அதாவது உள்ளூர் நிர்வாகத்தின், விதி. அந்த அமைதியை அழகு என்றுதான் நினைத்திருந்தோம்.

தொண்ணூற்றொன்றின் தொடக்கத்தில் வளைகுடாவில் குண்டு விழ ஆரம்பித்தது. என் மனைவி ஜரீனாவின் தம்பி அன்வர் குவைத்தில் ஏசி மெக்கானிக். அதற்குச் சில மாதங்களுக்கு முன் இராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது எங்கள் ஊர்க்காரர்கள் பலர் ஜோர்டான் வழியாகத் தப்பி வந்தார்கள். அவன் வரவில்லை, தகவலும் இல்லை. டிவியில் பச்சை வெளிச்சத்தில் நகரம் அதிர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒருநாள் ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி ஜன்னலில் ஒட்டினாள்: 'யுத்தத்தை நிறுத்துங்கள். அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள்.'

அதன்பின் கார்கள் எங்கள் வீட்டருகே வேகம் குறைத்தன. யாரும் இறங்கவில்லை. எதிர்வீட்டு டாரதி மட்டும் வந்தார். கணவரை இழந்து தனியாக இருப்பவர். போருக்குப் போனவர் திரும்பி வரக் காத்திருப்பதன் அடையாளமாக அவர் வீட்டுத் தூணில் மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தது. அதில் எழுத்து இல்லாததால் விதி அதைத் தொடவில்லை.

"என் மகன் அங்கே இருக்கிறான்," என்றார்.

"என் தம்பியும் அங்கேதான் இருக்கான்," என்றாள் ஜரீனா, தன் ஆங்கிலத்தில்.

டாரதியின் முகம் மலர்ந்தது. "எந்தப் படைப்பிரிவு?"

"இல்ல, குவைத்ல ஏசி ரிப்பேர் பண்றான்."

"ஓ," என்றார் டாரதி. "அந்தப் பக்கமா." படியிறங்கிப் போய்விட்டார்.

அந்த வாரமே டவுன்ஷிப் இன்ஸ்பெக்டர் வந்து நோட்டீஸ் கொடுத்தார். தாளை எடுக்காவிட்டால் அபராதம்.

"எடுத்துடு ஜரீனா. கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியிருக்கோம், வம்பு வேண்டாம்."

"நீங்க வேணும்னா எடுங்க. என் கையால எடுக்க மாட்டேன்."

நானும் எடுக்கவில்லை. அதைத் துணிச்சல் என்று சொல்ல முடியாது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது கை வரவில்லை, அவ்வளவுதான்.

பேச்சுரிமை வழக்குகளை இலவசமாக நடத்தும் வக்கீல் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். நீதிமன்றத்தில் டவுன்ஷிப் தரப்பு தெருவின் அழகைப் பற்றியே பேசியது. வழக்கு முடியும்வரை அந்த விதியை யார்மீதும் பிரயோகிக்கக் கூடாது என்று நீதிபதி உத்தரவிட்டார். வக்கீல் என் கையைக் குலுக்கி, "இனி உங்கள் ஊரில் யாரும் பேசலாம்," என்றார்.

பேசினார்கள். மறுநாள் கதவைத் திறந்தால் தெரு முழுக்க எழுத்து. டாரதியின் புல்வெளியில் நட்டிருந்த பலகை எங்கள் ஜன்னலுக்கு நேராக நின்றது: 'பிடிக்கவில்லையா? உங்கள் நாட்டுக்குப் போங்கள்.' அதை எடுக்கச் சொல்ல எங்களால் முடியாது. அந்த உரிமையை வாங்கிக் கொடுத்ததே நாங்கள்தான்.

பிறகு தொலைபேசி அழைப்புகள் தொடங்கின. எடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். இருந்தும் ஒவ்வொரு மணிக்கும் அன்வராக இருக்கும் என்று ஜரீனா ஓடினாள்.

யுத்தம் ஓய்ந்த பிறகு ஒரு மாலை அது அன்வராகவே இருந்தது. "அக்கா, நல்லாருக்கேன்," என்றான். அவள் ரிசீவரோடு தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு தன் கையாலேயே தாளை உரித்தாள்.

அடுத்த வாரம் டாரதி வீட்டின் முன் அரசாங்கக் கார் ஒன்று நின்றது. ராணுவச் சீருடையில் இருவர் இறங்கிக் கதவைத் தட்டினார்கள். படைவீரர் இறந்த செய்தியை இங்கே அப்படி நேரில் வந்துதான் சொல்வார்கள். அவர்கள் திரும்பிப் போன பிறகும் கதவு திறந்தே கிடந்தது.

ஜரீனா முக்காட்டை இழுத்துப் போட்டபடி படியிறங்கினாள்.

"எங்க போற?"

"அவங்க தனியா இருக்காங்க."

மார்ச் குளிரில் வெறுங்காலோடு நடுத்தெரு வரை போனாள். அந்தப் பலகையைத் தாண்டித்தான் கதவுக்குப் போக வேண்டும். நடுத்தெருவிலேயே நின்றுவிட்டாள். ஒரு கார் வந்து, ஹார்ன் அடிக்காமல் அவளுக்காகக் காத்திருந்தது. அவள் அந்தப் பக்கமும் போகவில்லை, எங்கள் வீட்டுப் பக்கமும் திரும்பவில்லை.