வட்டமில்லாத பதினேழு

சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் பதினேழு. வீட்டில் வேறு பெயர் உண்டு. இருபத்திரண்டு வருடமாக அது வீட்டோடு சரி. அந்தப் பெரிய மருத்துவமனையின் அழுக்கு விரிப்பெல்லாம் கீழ்த்தளத்தில் வந்து குவியும். துவைத்து வந்ததை விளக்குக்கு நேரே விரித்துக் கறை தேடுவதுதான் அவள் வேலை. கறை தெரிந்தால் நீலப் பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் தன் எண். கண்டுபிடித்தவர்தான் அது வெளுக்கும்வரை பொறுப்பு. கறை இல்லையென்றால் வட்டம் கிடையாது, ஓரத்தில் எண் மட்டும். நான் பார்த்துவிட்டேன், சுத்தம், கேள்வி வந்தால் என்னைக் கேளுங்கள் என்று அர்த்தம்.

வெளுக்கும் மருந்தில் ஊறி ஊறி விரல்களில் தோல் உரிந்துகொண்டிருந்தது. இந்த அறையை விட்டுப் போனால்தான் கை தேறும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். போவதற்கு இருந்த ஒரே வழி மேல்தளப் பதிவறையில் எழுத்தர் வேலை. அதற்கு ஒரு பரீட்சை. பரீட்சையில் பாதி, பிழையான ஆங்கில வாக்கியங்களைத் திருத்துவது. இரண்டு முறை எழுதிக் கோட்டைவிட்டாயிற்று. அடுத்த மாதம் வயது நாற்பத்தைந்து முடிகிறது. அதற்கு மேல் எழுத முடியாது.

பிழை தெரியாமல் அவள் தோற்கவில்லை. பிழை இல்லாத இடத்திலும் பிழை பார்த்துத்தான் தோற்றாள். பயிற்சிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் ஐம்பது வாக்கியம் திருத்துவாள். விடைப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மகள் தலையில் அடித்துக்கொள்வாள்.

"அம்மா, சரியா இருக்கிறதையாவது சும்மா விடேன். எதைப் பாத்தாலும் கறையா?"

"சம்பளம் குடுக்கிறதே அதுக்குத்தானடி" என்பாள் இவள். சொல்லிவிட்டுச் சிரித்தாலும், வீணாகத் திருத்தியவை எத்தனை என்று எண்ணிப் பார்ப்பாள்.

புத்தகத்து வாக்கியங்கள் தீர்ந்தபின் கண்ணில் பட்டதையெல்லாம் மனசுக்குள் திருத்த ஆரம்பித்தாள். மருந்துச் சீட்டு, பேருந்துப் பலகை, சோப்பு உறை, எதுவும் தப்பவில்லை. பல நாட்டுச் செவிலியர் விரிப்பு எடுக்க வந்துபோகும் இடம் என்பதால் சலவைக்கூடத்துச் சுவரில் ஒன்பது ஆங்கில அறிவிப்புகள் இருந்தன. எல்லாம் மேற்பார்வையாளர் எழுதி ஒட்டியவை.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அன்று. படிவத்தை மேற்பார்வையாளரின் கையெழுத்துக்காகக் காலையிலேயே கொடுத்திருந்தாள். ஐந்து மணிக்குள் மேலே அலுவலகத்தில் சேர்த்தாக வேண்டும். நான்கு மணிக்கு இஸ்திரி இயந்திரக்காரர் பதறிப்போய் வந்தார். இந்தக் கூடத்தில் அவள் அண்ணன் என்று கூப்பிடும் ஒரே ஆள்.

"பதினேழு, என்னம்மா பண்ணி வெச்சிருக்க? கதவுகிட்ட இருக்கிற நோட்டீசைப் போய்ப் பாரு."

போய்ப் பார்த்தாள். தள்ளுவண்டிகளை மூடி வைக்கச் சொல்லும் அறிவிப்பு. அதில் "ஈச் டிராலீஸ்" என்ற இடத்தைச் சுற்றி அழகான நீல வட்டம். மேலே, "ஈச் டிராலி." பக்கத்தில், துளி சந்தேகத்துக்கும் இடமில்லாமல், 17.

எப்போது போட்டாள்? சத்தியமாக நினைவில்லை. வண்டி வருவதற்காகக் கதவோரம் காத்திருந்தபோது கை தன்பாட்டுக்கு வேலை பார்த்திருக்கிறது. உலகத்தில் எந்தத் திருடனும் சுவரில் தன் பெயரை எழுதிவிட்டுப் போகமாட்டான்; இவள் எழுதியிருந்தாள்.

"மத்தியானம் தலைமை டாக்டர் வந்தார்ல, இதைப் படிச்சிட்டு சிரிச்சிட்டாரு. நம்ம சூப்பர்வைசர் முகத்துல ஈயாடலை" என்றார் அண்ணன்.

அவள் கட்டைவிரலை எச்சில் பண்ணித் தேய்த்தாள். துணியாக இருந்தால் தண்ணீர் பட்டதும் அந்த நீலம் கரைந்துபோகும். காகிதத்தில் பரவி, வட்டம் இரண்டு மடங்கானது. அழுகை வந்தது. இத்தனை வருடப் பாடும் ஒரு பென்சில் கோட்டில் போய்விடுமோ என்று பயந்தாள்.

நாலேகாலுக்கு மேற்பார்வையாளர் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் அவளுடைய படிவம் கிடந்தது. கையெழுத்துக் கட்டம் காலி.

"இந்த ரூம்ல வட்டம் போட்டா என்னம்மா அர்த்தம்?"

"கறை இருக்குன்னு சார்."

"நம்பர் போட்டா?"

"வெளுக்கிற வரைக்கும் அவங்க பொறுப்பு சார்."

"அப்ப பொறுப்பேத்துக்க." ஒன்பது அறிவிப்புகளையும் சுவரிலிருந்து பிய்த்து வந்திருந்தார். அவள் முன்னால் போட்டார். "எத்தனை பேர் முன்னாடி என் மானம் போச்சு தெரியுமா? எல்லாத்தையும் பாரு. எங்க தப்போ வட்டம் போடு. ஒண்ணே ஒண்ணு தப்பாப் போட்டாலும் கையெழுத்து கிடையாது."

"சார், அஞ்சு மணிக்கு ஆபீஸ்..."

"மணி எனக்கும் தெரியும்."

உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே குனிந்தாள். முதல் தாளில் "ரிட்டர்ன் பேக்," கடைசிச் சொல் வேண்டாதது. வட்டம். இரண்டாவதில் "டிஸ்கஸ் அபவுட்," அங்கேயும் கடைசிச் சொல் வேண்டாதது. வட்டம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் திருத்தம், அதன்கீழ் 17. வெடித்த விரலில் பென்சில் உறுத்தியது. ஒவ்வொரு வட்டம் விழும்போதும் எதிரே இருந்தவரின் முகம் இறுகிக்கொண்டே போனது. எட்டுத் தாளிலும் பிழை இருந்தது. எட்டாவது முடிந்தபோது நாலு நாற்பத்தேழு.

ஒன்பதாவது, முதலுதவி மருந்து அலமாரியின் சாவி செவிலியரைத் தவிர ஒருவரிடமும் இல்லை என்பது. "நோ ஒன் பட் தி நர்சஸ் ஹேஸ் தி கீ." செவிலியர் பலர், அடுத்து வரும் "ஹேஸ்" ஒருவருக்குரியது. பார்த்த மாத்திரத்தில் கண்ணை உறுத்தியது. எட்டிலும் இருந்தது இதில் மட்டும் இல்லாமலா போகும்? பென்சில் முனை தாளைத் தொட்டுவிட்டது.

மகள் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் காதில் கேட்டது. பென்சிலைத் தூக்கினாள். மறுபடி படித்தாள். யாரைப் பற்றிய பேச்சு இது? நர்சுகளைப் பற்றியா, இல்லை, "நோ ஒன்" என்று தொடங்கியதே, அந்த ஒருவரைப் பற்றியா? இன்னொரு முறை படித்தாள். கடிகாரத்தைப் பார்க்கத் துணிவில்லை.

பிறகு தாளின் கீழ் ஓரத்தில், வட்டமில்லாமல், 17 என்று மட்டும் எழுதினாள்.

"இதுல ஒண்ணும் இல்லையா?" என்றார் அவர்.

"இல்ல சார். சுத்தம்."

"எட்டுல இருக்கு, இதுல இல்லையா? நல்லாப் பாரு."

மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நாக்கு புரண்டது. "பாத்துட்டேன் சார். இது சுத்தம். கேள்வி வந்தா என்னைக் கேளுங்க."

அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் படிவத்தை இழுத்து, வேகமாகக் கையெழுத்துப் போட்டார்.

"அந்த எட்டும் நான் எழுதினது" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "இது தலைமை டாக்டர் கைப்பட எழுதிக் குடுத்ததைப் பாத்து ஒட்டினது. இதுல தப்பா சரியான்னு எனக்கே தெரியாது. அவர் எழுதினா சரியாத்தான் இருக்கும். ஓடு."

பென்சிலைக்கூடக் கீழே வைக்காமல் படிக்கட்டில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். கையெழுத்து எல்லா இடத்திலும் விழுந்திருக்கிறதா என்று ஏறிக்கொண்டே படிவத்தைப் புரட்டிப் பார்த்தாள். அலுவலகச் சன்னல் பாதி இறங்கியிருந்தது. அதற்கடியில் படிவத்தை நீட்டினாள். உள்ளே இருந்த எழுத்தர் ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, கீழ் ஓரத்தில் விரலை வைத்தார். அங்கே நீலப் பென்சிலில் சின்னதாக 17.

"இது என்னம்மா?"

படியேறும்போது கை போட்டிருக்கிறது. மூச்சு வாங்கியது அவளுக்கு.

"பாத்துட்டேன்னு அர்த்தம் சார்" என்றாள். "ஒரு கறையும் இல்ல."

அவர் முத்திரை குத்தி வாங்கி வைத்தார்.